நான்காவது வளையத்துக்கு அப்பால்

டாக்டர் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு என் கணவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ரத்தம் ரொம்ப கெட்டியாப் போச்சும்மா. இந்த உயரம் இவருக்கு ஒத்துக்கல. லா பாஸை விட்டுட்டுக் கீழ எங்கயாவது குடி போயிடுங்க."

"கீழன்னா இந்த ஊர்லயே பள்ளத்துல இருக்கிற தெற்கு வட்டாரத்துக்கா டாக்டர்? அங்க பணக்காரங்கதான இருக்காங்க, எங்களுக்கு யாரு வீடு தருவா?" என்றார் என் கணவர் எபிஃபானியோ.

டாக்டர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எபிஃபானியோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் லா பாஸின் மலைச்சரிவுகளில் மினிபஸ் ஓட்டியவர். அப்போது ஆறு மாதமாக எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இருபது படிக்கு ஒரு முறை நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். உதடு நீலம் பாய்ந்திருக்கும். நான் சந்தை முனையில் இரண்டு நாற்காலி போட்டு முடி வெட்டும் கடை வைத்திருந்தேன். கத்தரிக்கோலோடு எந்த ஊருக்கும் போய்விடலாம். அவரைக் கிளப்புவதுதான் பாடு.

"சும்மா ரெண்டு ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன்.

முதலில் கோச்சபாம்பா, பாதி மலை இறக்கத்தில் இருக்கும் ஊர். அங்கே மூன்று வாரத்துக்கு ஒரு அறை எடுத்தோம். இறங்கிய அன்றே எனக்கு அந்த ஊர் மேல் ஆசை விழுந்துவிட்டது. ஸ்வெட்டரும் வேண்டாம், விசிறியும் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வெயில். சாப்பாடோ, தட்டை விட அகலமான இறைச்சி, அதன் அடியில் சோறும் உருளைக்கிழங்கும், மேலே முட்டை.

"இந்த ஊர்ல ஜனங்க வேலைக்கு நடுவுல சாப்பிடல நெலி, சாப்பாட்டுக்கு நடுவுல வேலை பாக்குறாங்க" என்றார் எபிஃபானியோ. ஆனாலும் இரண்டாம் தட்டு வாங்கினார்.

சுற்றிப் பார்க்க வந்தவளுக்கு எந்த ஊரும் நல்ல முகத்தைத்தான் காட்டும். அதனால் அங்கே ஒரு முடிதிருத்தகத்தில் நான்கு நாள் வேலை கேட்டு வாங்கிச் செய்தேன். கடைக்காரி ஹசின்டா மதியம் மூன்று மணி நேரம் கடையைப் பூட்டிவிட்டு என்னையும் வீட்டுக்குச் சாப்பிட இழுத்துப் போனாள். கடைசி நாள், "நீங்க எங்கயும் போகாதீங்கக்கா, அந்த ஜன்னலோர நாற்காலி உங்களுக்குத்தான்" என்றாள். நான் மனதுக்குள் திரைச்சீலைக்கு நிறம் கூடப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் எபிஃபானியோவுக்கு ரோஷம் வந்தது. கிறிஸ்து சிலை நிற்கும் குன்றுக்கு ரோப் காரில் போகமாட்டேன், படியேறித்தான் போவேன் என்றார். முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டார். உதட்டில் அதே நீலம். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு எங்களைத் தாண்டி ஏறிப்போனாள்.

"செருப்புதான் சரியில்ல" என்றார்.

"ஆமா, செருப்புதான்" என்றேன். எனக்குப் பிடித்த ஊர் அவருக்குப் போதுமான அளவு கீழே இல்லை.

அப்புறம் சாந்தா குரூஸ். என் தங்கை கிரிசெல்டா அங்கே பதினைந்து வருடமாக இருக்கிறாள். அத்தனை வருடமும் நாங்கள் அந்த ஊரைக் கிண்டல் செய்தே பொழுது போக்கியிருக்கிறோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் முகத்தில் ஈரத்துணியைப் போட்டு மூடியதுபோல் வெக்கை. மலை இல்லை, மேடு இல்லை. ஊரைச் சுற்றி வளையம் வளையமாகச் சாலை.

"வாங்க மச்சான், நரகத்துக்கு நல்வரவு" என்றாள் கிரிசெல்டா.

"நரகத்துல இவ்வளவு கொசு இருக்காதும்மா" என்றார் அவர்.

அங்கேயும் வேலை கேட்டேன். கடைக்காரி யோபானா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மலைக்காரியா? எங்க ஊரு முடி உன் கைக்குப் படியாது பாரு." அவள் சொன்னது சரிதான். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் நீவி நேராக்கிய முடி, வாசலைத் தாண்டியதும் காற்றின் ஈரம் பட்டு ஆட்டுரோமமாகச் சுருண்டது. கடையே சிரித்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். சாயங்காலம் நான் கிளம்பும்போது யோபானா, "நாளைக்கும் வா. அழுதுட்டு ஓடிடுவேன்னு நெனச்சேன், நீ பரவால்ல" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு எபிஃபானியோ பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கப் போனார். பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஆளைக் காணோம். செல்போன் மேசைமேல் கிடந்தது. வெளியே முப்பத்தாறு டிகிரி. எந்தச் சாலையில் விழுந்து கிடக்கிறாரோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். கிரிசெல்டா மோட்டார் சைக்கிளை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டே போனேன்.

இரண்டு மணிக்கு நான்காவது வளையத்தையும் தாண்டி ஒரு மணல் தெருவில் கண்டுபிடித்தோம். ஒரு மாமரத்தடியில் நான்கு ஆண்களோடு பகடை உருட்டிக்கொண்டிருந்தார். ரொட்டிப் பை காலியாக இருந்தது.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் ரோமுலோ எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். "கோச்சுக்காதீங்கம்மா. எங்க தெருவுல மூணு தடவை போனாரு. ஒவ்வொரு தடவையும் வணக்கம் சொன்னாரு. மூணாவது தடவை நாங்களே புடிச்சு உக்கார வெச்சுட்டோம்."

"லா பாஸ்ல தொலைஞ்சு போகவே முடியாது நெலி" என்றார் என் கணவர் பரிதாபமாக. "ஏறினா வேலை, இறங்கினா வீடு. இங்க எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே தட்டை. எதை வெச்சு வழி கண்டுபிடிக்கிறது?"

"எவ்வளவு நேரம் நடந்தீங்க?"

"மூணு மணி நேரம் இருக்கும். மேலயே இருக்கும்."

"மூச்சு?"

பகடைக் குவளையோடு கை அப்படியே நின்றது. நெஞ்சில் மற்றக் கையை வைத்துப் பார்த்தார். அவர் உதட்டைப் பார்த்தேன். சாதாரண நிறத்தில், வெயிலில் வெடித்திருந்தது.

"வாங்கவே இல்லயே" என்றார். "நான் அதை நெனைக்கவே இல்ல நெலி."

கிரிசெல்டா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் புரியாத ரோமுலோ எனக்கு ஒரு தம்ளர் குளிர்ந்த சோளக்கஞ்சி நீட்டினார்.

அன்றே முடிவாகிவிட்டது. முடிவெடுத்த பிறகு நான் ஒரு மூச்சு அழுதேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஜன்னலோர நாற்காலி வேண்டாம் என்று ஹசின்டாவுக்குப் போன் செய்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதப் பரிசோதனையில் ரத்தம் கிட்டத்தட்டச் சரியான அளவுக்கு வந்திருந்தது. அவர் இப்போது மூன்றாவது வளையத்தில் பஸ் ஓட்டுகிறார். வளையம் என்பதால் வழி தவறினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்கிறார். எனக்கு இந்த வெக்கை இன்னும் பழகவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை கோச்சபாம்பாவுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

நேற்று தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. பன்னிரண்டு டிகிரிக்கே ஊர் முழுக்கக் கதவடைத்துக் கம்பளிக்குள் ஒளிந்துகொண்டது. எபிஃபானியோ மட்டும் அரைக்கைச் சட்டையோடு தெருவில் நின்று, "என்னா அருமையான நாள்!" என்று கைகளை விரித்தார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "அண்ணே, உள்ள போங்க, செத்துடுவீங்க!" என்று கத்தினாள்.

"மாட்டேம்மா!" என்று அவர் சிரித்துக்கொண்டே கத்தினார்.