காந்தம் வைத்த உறை

புது வீட்டுக்கு வந்த அன்றே என் மனைவியின் தம்பி போன் திசைகாட்டியில் கிப்லா, அதாவது தொழும் திசை, பார்த்து, சுவரில் அம்புக்குறி ஒட்டினான். மூன்று மாதமாக அதைப் பார்த்துத்தான் தொழுதேன்.

இன்று வேலையிலிருந்து அடித்துப் பிடித்து ஓடிவந்து சாயங்கால அஸர் தொழுகைக்கு நின்றால், என் புதுப் போன் கிப்லாவைச் சமையலறைப் பக்கம் காட்டுகிறது. வீட்டுக்கு வந்திருந்த மச்சினன் போனை வாங்கி, அதன் உறையைக் கழற்றினேன். மூடியில் காந்தம்! கழற்றியதும் அவன் போனும் சமையலறையையே காட்டியது.

"தெரியாமத்தானே மச்சான் செஞ்சேன். அல்லாஹ் மன்னிப்பான்."

"அவன் மன்னிப்பான்டா, நான் மன்னிக்க மாட்டேன்!"

அவனும் எகிறினான். கல்யாணத்தன்று நடந்தது வரை கிளறினோம். கடைசியில் அம்பைப் பிய்த்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

தொழக் கையைக் கட்டுவதற்குள் சூரியன் மறைந்து, இரண்டு போனிலும் மஃரிப் பாங்கு ஒலித்தது. அஸர் நேரம் போயே போய்விட்டது.