காதுக்காரன் உம் கொட்டிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் தோன்றியது அல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியரின் மனத்தில் தோன்றியது. "பழக்கம் எப்படி வருது, அதை எப்படி மாத்திக்கறது, இதை வெச்சு பயனுள்ளதா ஒரு கதை குடுங்கம்மா. கடைசியில ஒரு கட்டம் போட்டு நாலு குறிப்பு சேர்த்துடலாம்" என்றார். சொல்லும்போதே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். போனில் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். இத்தனை வருடமாக அவரோடு பேசுகிறேன், கடிக்கிற சத்தம் தெரியாதா?

பயனுள்ள கதை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் சரி என்றேன். முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாயால் சரி என்பது என் வழக்கம்.

முதல் தொடக்கம்: அன்று காலையிலிருந்தே மழை

வேண்டாம். யாருக்காவது சளி பிடிக்கும்.

இரண்டாவது: மனிதன் பழக்கத்துக்கு அடிமை என்பார்கள், ஆனால் உற்று நோக்கின்

ஐயோ. கட்டுரைப் போட்டியா நடக்கிறது?

மூன்றாவது: ஓர் ஊரில் ஒரு காதுக்காரன் இருந்தான்.

இது இருக்கட்டும்.

2

காதுக்காரன் என்பது அவனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கும் ஒரு கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவு. தட்டி வைத்துப் பிரித்த சின்னச் சின்ன மேசைகள். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களின் வயிற்றெரிச்சலையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் தனியாகப் புலம்புவதாக நினைத்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்திலிருந்து விட்டு விட்டுச் சத்தம் வந்தாக வேண்டும். சூப்பர்வைசர் பதிவைப் போட்டுக் கேட்பார். சத்தம் வராத இடத்தில் மதிப்பெண் போகும்.

"நீ அவங்க பிரச்சினையைத் தீர்க்க வேணாம்ப்பா. அதுக்கு வேற ஆள் இருக்காங்க. நீ உம் கொட்டு, போதும்."

கொட்டினான். ஆரம்பத்தில் கேட்டுவிட்டுக் கொட்டினான். பிறகு கேட்டுக்கொண்டே கொட்டினான். அப்புறம் கேட்பது வீண் செலவு என்று அவன் மூளைக்கே தெரிந்துபோய், அது வேறு ஜோலியைப் பார்க்கப் போய்விட்டது. உம் மட்டும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழக்கம் எப்படி வருகிறது என்று ஆசிரியர் கேட்டாரே, இப்படித்தான். கோபக்காரருக்குக் கனமாக ஒரு 'ம்ம்'. கதை அளப்பவருக்கு 'ம்ஹ்ம்'. அழுகிறவருக்குக் குரலை இறக்கி ஒரு 'ம்'. அந்தக் கடைசி உம்முக்காகவே அவனுக்குச் சிறந்த செவி என்று மேடையில் ஏற்றி ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள்.

(வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து, "அக்கா போன் பண்ணுச்சு" என்கிறார். ம் என்றேன். எங்கே விட்டேன்? பிளாஸ்க்.)

3

அவன் மனைவி பல்காரி. செயற்கைப் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, சீவி, தேய்த்து, பளபளப்பாக்கிக் கொடுப்பாள். பகலெல்லாம் அடுத்தவர் வாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அதனால் யார் பேசினாலும் அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்: வீட்டில் தான் பேசும்போது புருஷனின் பல் தெரிவதே இல்லை. 'ம்' சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பாவம் பல்காரி என்று அவசரப்பட்டு உருகிவிடாதீர்கள். முதல் வரைவில் நானும் அவளை ஜன்னலோரம் நிறுத்தி அழவைத்திருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவள் அப்படியொன்றும் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் இல்லை. அவன் போனைத் தடவிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, "சோபா மாத்திடலாமா?" ம். "உங்க கேரம் போர்டு சும்மாதானே கிடக்கு, யாருக்காவது குடுத்துடவா?" ம். அடுத்த வாரம் கேரம் போர்டைத் தேடி அவன் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தபோது, "நீங்கதானே சரின்னீங்க" என்றாள். ஒரு கெட்ட பழக்கம் ஒரு வீட்டில் சௌகரியமாகக் குடியிருக்கிறது என்றால், அதற்குச் சோறு போடும் இன்னோர் ஆளும் அங்கேதான் இருப்பார். இதைக் கட்டத்தில் போடுவாரா ஆசிரியர்? மாட்டார்.

(வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். அக்காவுக்கு ஆபரேஷனாம். ஞாயிறு என்றாரா, திங்கள் என்றாரா? ம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாத்திரம் இப்போதுதான் பிடிபட்டு வருகிறது, இந்த நேரத்தில் எழுந்தால் அவ்வளவுதான்.)

4

வேறு ஊரில் உள்ள ஒரு பெரிய பல் கூடத்திலிருந்து பல்காரியைக் கூப்பிட்டார்கள். கூடத்துக்கே பொறுப்பாளர் வேலை. அவள் விஷயத்தைச் சொன்னபோது அவன் கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"போலாம்னு நினைக்கிறேன்."

"ம்."

"உங்களுக்கும் அங்க ஏதாவது வேலை பார்க்கலாம்."

"ம்ம்."

அவள் அவன் வாயைப் பார்த்தாள்.

"இல்ல, நான் மட்டும் போறேன்."

"ம்" என்றான் காதுக்காரன், பிளாஸ்க் வாங்கித் தந்த அந்த இறங்கிய குரலில்.

கிண்டலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் எனக்கே வலித்தது. மறைப்பானேன், அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தட்டுகளை எடுத்து உடைத்திருப்பேன்.

வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னேன். ம்னீங்க."

"நான் எங்க கவனிச்சேன்?"

"தெரியும்."

"தெரியுமா? அப்ப சோபா வாங்கறப்பவும் தெரியும். கேரம் போர்டைத் தூக்கிக் குடுக்கறப்பவும் தெரியும். அதுக்கெல்லாம் அந்த ம் செல்லுமா?"

பல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ம்" என்றாள்.

இருவரும் அந்தச் சோபாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பிறகு அவளே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வண்டி வருது. அன்னிக்கு இன்னொரு தடவை சொல்லுவேன். போன்னு சொல்லுங்க, போகாதேன்னு சொல்லுங்க, நானும் வரேன்னு சொல்லுங்க, எதுவானாலும் சரி. ஆனா வாயைத் திறந்து சொல்லணும். எனக்குப் பல் தெரியணும்."

5

ஆசிரியர் ஆவலோடு காத்திருக்கும் பகுதி: மாற்றிக்கொள்வது எப்படி?

காதுக்காரன் வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். உம் மூக்கு வழியாக வந்தது. உம்முக்கு வாய் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதானே? தண்ணீர் அதற்கு ஒத்தாசை செய்தது. (இவனை இவ்வளவு மந்தமாகப் படைத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. போகட்டும், மந்தமான ஆட்களும் குடும்பம் நடத்தத்தான் செய்கிறார்கள்.)

மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டி, உம் வரும்போதெல்லாம் சுண்டிக்கொண்டான். இரண்டே நாளில் பழக்கம் வளர்ந்து குட்டி போட்டது: 'ம்', கூடவே 'டப்'.

சொன்னதைத் திருப்பிச் சொன்னால் கவனித்த மாதிரி இருக்கும் என்று எங்கோ படித்தான். "அதாவது, பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு சொல்றீங்க, இல்லீங்களா? உங்க சிரமம் புரியுதுங்க." பல்காரி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கடைசியில் சும்மா இருந்து பார்த்தான். அவளால் தாங்க முடியவில்லை. "ஏதாவது சத்தம் குடுங்களேன், செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு!" உம் இல்லாமல் பேச அவளுக்கும் பழக்கம் இல்லை.

அலுவலகத்திலும் சும்மா இருந்தான். வாஷிங் மெஷின் சட்டையைக் கிழித்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சட்டென்று நிறுத்தினார்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீங்க சொல்றதைக் கேட்டுட்டு இருந்தேன்."

"நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் மதிப்பெண்ணைக் குறைத்தார்.

6

வெள்ளிக்கிழமை. பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன. பல்காரி வாசலில் நிற்கிறாள். கண் அவன் வாய்மேல்.

"நான் மட்டும் போறேன்" என்கிறாள்.

முதல் முடிவு: அவன் வாயைத் திறந்தான். "இரு, நானும் வரேன்." கீழ்வரிசைப் பற்கள் கொஞ்சம் கோணல் என்று அவள் அன்றுதான் பார்த்தாள். (ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டம் போடுவார்.)

இரண்டாவது முடிவு: "ம்." டப். (எனக்குப் பிடித்தது. என் புத்தி அப்படி.)

இரண்டையும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். முதலாவதற்கும் ம் என்றார், இரண்டாவதற்கும் ம் என்றார். பார்த்தீர்களா இந்த ஆண்களை! நேரெதிரான இரண்டு முடிவுக்கும் ஒரே உம். மூன்றாவதாக ஒன்றை யோசிக்கலாம் என்று நான் திரும்பிக்கொண்டபோது அவர் பின்னாலிருந்து, "நீயும் வரியா, நான் மட்டும் போகட்டுமா?" என்றார். பரவாயில்லையே, பல்காரி வசனத்தை நடித்துப் பார்க்கிறார், கதையில் இறங்கிவிட்டார் என்று நினைத்து

ம் என்றேன்.

7

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவர் கையில் பை இருந்தது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது, வெளியூருக்கு எடுத்துப் போகும் பெரிய பை.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். எல்லாம் இருக்கிறது. அக்கா போன் செய்தது, அக்காவுக்கு ஆபரேஷன். என் கையாலேயே எழுதி, அழகாக அடைப்புக்குறிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அம்மா இல்லாத வீட்டில் இவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த அக்கா. இத்தனை நாளாக என் கதைகளையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து கேட்ட மனிதர், தனக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டார். வரியா, போகட்டுமா? நான் ம் என்றேன். எதற்கு ம்?

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. அவர் ஏறிய வாடகை வண்டி இன்னும் தெருவைத் தாண்டவில்லை. முனையில் குப்பை லாரி குறுக்கே நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இங்கிருந்து வாய்விட்டுக் கூப்பிட்டால் கேட்கும்.

காதுக்காரன் என்ன சொன்னான் என்பதை நீங்களே சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் உம் கொட்டிக்கொண்டுதானே வந்தீர்கள், இப்போது வாயைத் திறங்கள். ஆசிரியர் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு நேரமில்லை. எழுந்துவிட்டேன்.

எழுந்துவிட்டேன் என்பதையும் உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், பாருங்கள். லாரி நகர்கிறது. இதோ, இந்த ஒரு வரியை மட்டும் முடித்துவிட்டு