மரங்களின் கோபம்

பாப்பா வாயைத் திறந்தால் கதைதான். ஐந்து வயதில் அப்படியொரு புளுகியை சுங்கை சிப்புட் வட்டாரமே கண்டதில்லை. ரப்பர் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கஞ்சி குடிக்க அடம்பிடிக்கும் பிள்ளைகள் அவள் கதைக்கு வாய் பிளப்பார்கள். ஆயா கருப்பம்மாள் அந்த நேரம் பார்த்துக் கரண்டியை உள்ளே விட்டுவிடுவாள்.

பாப்பாவின் அம்மா மங்களத்துக்கு மட்டும் அந்த மாதம் எதுவும் காதில் ஏறவில்லை. பெருங்காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து கணவன் ஐயாவு இறந்துபோயிருந்தான். இருவரும் சேர்ந்து பால் வெட்டிய மர வரிசையில், அவர்கள் நிரையில்தான் அது நடந்தது. கருமாதி முடிந்தபின் பால்கத்தியோடு கிளம்பிப் பார்த்தாள். நிரையைக் கண்டதும் கால் நகரவில்லை, அழுதுகொண்டே லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பழனியப்பன் நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

"நாளைக்கும் வரலன்னா நிரைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க தங்கச்சி. வேல போனா வீடும் போயிரும்லா. புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

"வேற நிரை குடுங்கண்ணே."

"அது என் கையில இல்லம்மா."

லயத்துப் பெரியவர்கள் விதி என்றார்கள், கடவுள் சித்தம் என்றார்கள். கேட்கக் கேட்க மங்களத்துக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்று மாலை, விளையாடப் போன பாப்பா ஓடிவந்து மடியில் விழுந்தாள்.

"அம்மா, நம்ம மரமெல்லாம் கோவிச்சுக்கிட்டு இருக்கு. மங்கு எல்லாத்தையும் கவுத்து வெச்சிருக்கு. சோறு வேணாமாம்."

பால் எடுத்தபின் மழைத்தண்ணீர் விழாமலிருக்க மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். கடைசியாகக் கவிழ்த்தவன் ஐயாவு. மங்களம் மகளை நிமிர்த்திப் பார்த்தாள்.

"ஏனாம்?"

"பெரிய மரத்துக்குத் தூக்கம் வந்துருச்சும்மா. தூங்கி விழுந்தப்ப அதோட கை அப்பா மேல பட்டுருச்சு. வேணும்னு செய்யல. மத்த மரமெல்லாம் அத ஏசிருச்சு. நீ வரலன்னு இப்ப எல்லாம் அழுவுது. நான் சொன்னேன், எங்கம்மா கோவக்காரி, ஆனா பாவம் பாக்கும்னு."

மங்களம் சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விடியுமுன் நிரைக்குப் போனாள். முதல் மரத்தின் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி, "போதும், கோவத்த விடு. சாப்புடு" என்றாள். யாராவது கேட்டிருந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். சொல்லட்டுமே! அடுத்த மரத்துக்குப் போக முடிந்தது, அதற்கடுத்ததற்கும். பெரிய மரத்தின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றாள். பிறகு அதன் கிண்ணத்தையும் நிமிர்த்தி வைத்தாள்.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆயாக்கொட்டகைக்கு வந்தபோது உடம்பெல்லாம் வலித்தது, மனசு லேசாக இருந்தது. பாப்பா ஓடிவந்தாள்.

"சாப்புட்டுச்சா?"

"எல்லாம் சாப்புட்டுச்சு தாயி" என்று மண்டியிட்டு, மகளைப் பார்த்து இரு கை கூப்பினாள் மங்களம்.

கருப்பம்மாள் பதறிப்போனாள். "பெத்த புள்ளையப் போயி கும்புடுறியே!"

"என்னைய எழுப்பி நடக்க வெச்சது இவதானேக்கா. வேற யாரக் கும்புடுவேன்?"