நாள்காட்டியில் ஒரு குறட்டை

அச்சகத்தில் அவளுக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. எந்த வாக்கியத்தையும், எவருடைய வாதத்தையும், முடித்துவைக்காமல் அவள் நகர்வதில்லை. முதலாளி அவளுடைய அக்காள் கணவர். உறவென்பதால் வேலை கிடைத்தது. உறவென்பதால் திட்டும் இரட்டிப்பாகவே கிடைத்தது.

அங்கே அச்சாகும் தினசரி நாள்காட்டியில் ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு பொன்மொழி இருக்கும். அவற்றை எழுதுபவளும் அவளே. கட்டத்துக்குள் எழுத்து அடங்குகிறதா என்று பார்க்க, முதலில் மனத்தில் தோன்றிய எதையேனும் இட்டு நிரப்புவாள். பிறகு அதை நீக்கிவிட்டு, பொறுமையே பெருமை என்பது போன்ற யோக்கியமான வரியொன்றைப் பொருத்துவாள். யோக்கியமான வரிகளைப் படித்து எவரும் திருந்தியதாகத் தகவல் இல்லை.

அன்று காலை, அச்சகச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பழைய தாளைக் கிழித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புதிய தாளின் அடியில் இப்படி இருந்தது:

"தன் குறட்டை தன் காதில் விழாது."

இட்டு நிரப்பிய வரி! மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்து மரம் அறுத்துக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்தபடியே எழுதியது. விழித்த மறுகணமே அவர், "வேலை நேரத்துல என்னய்யா கொட்டாவி?" என்று மிஷின்காரரை அதட்டியதும் அன்றுதான்.

சென்ற ஆண்டு அவள் கண்ணுக்குத் தப்பி, ஒரே வாரத்தில் இரண்டு திங்கட்கிழமைகள் வந்துவிட்டன. ஒரு திங்கட்கிழமையையே தாங்காத மக்கள் அச்சகத்தைச் சபித்தார்கள். அத்தான் அப்போதே சொல்லிவிட்டார்: "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, நீ வீட்டோட இருந்து உங்க அக்காவுக்குத் துணையா இரும்மா." அக்காவுக்குத் துணையாக இருப்பதைவிடத் துறவு எளிது.

அவள் அந்தத் தாளையும் கிழித்துக் கைக்குள் கசக்கினாள். அதற்குள் அத்தான் வந்துவிட்டார். அவர் கையில் வீட்டு நாள்காட்டியின் தாள்.

"இதை எழுதினது நீதானே?"

"அத்தான், அது வந்து..."

"எத்தனை நாளா உங்க அக்காவைக் கவனிச்சுட்டு இருந்தே?"

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"ராத்திரி முழுக்க ரயில் விடுறா. விடிஞ்சா, நீங்கதான் தூங்க விடலைன்னு என் மேல பழி. அதான் இதைக் கிழிச்சு அவ கண்ணாடியிலயே ஒட்டினேன். என்ன சொன்னா தெரியுமா? 'என் தங்கச்சி உங்களைப் பத்தி எவ்வளவு சரியா எழுதியிருக்கா'ங்கிறா! யாருக்கு எழுதினதுன்னுகூடப் புரியல, பாவம்."

"சில பேருக்குப் புரியாதுதான், அத்தான்," என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

தொலைபேசி அடித்தது. கடைக்காரர் ஒருவர், தம் கூட்டாளிக்குக் கொடுக்க அந்தத் தாளில் இன்னொன்று கேட்டார். சற்று நேரத்தில் அந்தக் கூட்டாளியே அழைத்து, கடைக்காரருக்குக் கொடுக்க ஒன்று கேட்டார். அத்தானின் முகம் மலர்ந்தது.

"அடுத்த வருஷம் பொறுமை, பெருமை எல்லாம் வேணாம். வருஷம் பூரா இப்படியே எழுதிடு."

வேலை தப்பியது. போன உயிர் திரும்பியதும், மெய்ப்புத் திருத்துகிறவளின் புத்தியும் கூடவே திரும்பியது. நேராக மிஷின்காரரிடம் போனாள்.

"ஏங்க, கடைசி மெய்ப்பை என்கிட்ட காட்டாம எப்படி அடிச்சீங்க?"

"கொண்டுவந்தேன் அக்கா. நீங்க மேசையில தலை வெச்சு நல்லாக் குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வரல. அப்புறம் அப்படியே அடிச்சுட்டேன்."

"யாரு, நானா?" அவள் முதுகு நிமிர்ந்தது. "கண்ணை மூடி யோசிச்சுட்டு இருந்தேன். உங்க மிஷின் சத்தம் கேட்டிருக்கும்."

"அப்ப கரண்ட் இல்ல அக்கா."

அவள் கைக்குள் இருந்த தாளைப் பிரித்து, மடிப்புகளை விரலால் நீவி, அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. உங்களுக்குத்தான் இது அவசியம் வேணும்."

மிஷின்காரர் அதைப் பணிவோடு வாங்கிப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி அக்கா. எங்க மாமியாருக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."