சுவரொட்டித் தாளில் எழுந்த மஞ்சு

ஏலத்தோட்டங்களின் நறுமணத்தைச் சுமந்து மலைச்சரிவில் இறங்கிய காற்று போடிநாயக்கனூர்த் தெருக்களிலே புகுந்து திரிய, போடிமெட்டு நோக்கி வளைந்து வளைந்தேறும் சாலையை மழைக்காலத்து மஞ்சு வெண்புகையாய் மெல்ல மூடிக்கொண்டிருந்த காலைப்பொழுது அது, அன்பரே! அந்நகரின் பேருந்து நிலைய மதிலிலே, திருமணமும் காதணி விழாவும் இரங்கலும் ஒன்றன்மேலொன்றாய் ஒட்டப்பெற்றுத் தடித்துக் கிடந்தன சுவரொட்டிகள்.

அவற்றை உரித்துச் செல்பவள் அமுதவள்ளி. ஏலக்காய் வணிகர் இல்லத்து மருமகளுக்குக் குப்பை பொறுக்கும் பித்து என்று ஊரார் நகைத்ததும் உண்டு. அவர்கள் அறிவார்களா அவள் படும் பாட்டை? அமர்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பழந்தாளைக் கிழித்துப் பலகையில் ஒட்டுகையில்தான் அந்தப் பாழும் நெஞ்சு சற்று அடங்கும். அச்சேறாத வெள்ளைப் பின்புறம் மேலிருக்கத் துண்டு துண்டாய் ஒட்டி, மலையையும் அதன்மேல் தவழும் மஞ்சையும் பல திங்கள் உழைத்து உருவாக்கியிருந்தாள். அதன்முன் அமர்ந்தால் அவள் மூச்சு சீராகும்.

அன்று, சிலமலை என்னும் சிற்றூரின் உழவர் முனியசாமி வழி கேட்டுக் கேட்டு அவள் வாயிலில் வந்து நின்றார்.

"பஸ்டாண்டுச் செவத்துல எம்மகன் மாரீஸ்வரன் செத்ததுக்கு ஒட்டுன படம் இருந்துச்சு தாயி. நீங்கதான் உரிச்சுட்டுப் போனீகன்னாக. ஜீப்பு ஓட்டுனான். வீட்டுப் படத்துல வெறச்சுக்கிட்டு நிப்பான், அதுலதான் சிரிப்பான். சோலிக்கு வர்றப்பல்லாம் பாத்துட்டுப் போவேன்."

எவருக்கும் வேண்டாத தாளென்றன்றோ எண்ணியிருந்தாள்! பலகையைக் கொணர்ந்து, மஞ்சு அடர்ந்த ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுக்குள்ள இருக்காரு, ஐயா. முகம் உள்பக்கமா ஒட்டிட்டேன். பலகையோட எடுத்துக்கிட்டுப் போங்க."

முனியசாமி அந்த வெண்மையை விரலால் தடவிப் பார்த்தார்.

"வேணாம் தாயி. மஞ்சுக்குள்ள வழி தெரியாமத்தான் வண்டி உருண்டுச்சு. மறுபடி அதுக்குள்ளயே அவனை விட்டுட்டு எப்படிப் போவேன்? வெளிய எடுத்துக் குடுங்க."

பலகையைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினாள் அமுதவள்ளி. பசை இளகிற்று, மலை நெகிழ்ந்தது, மஞ்சு கூழாயிற்று. கன்னமும் நெற்றியும் சிரித்த வாயும் துண்டு துண்டாய் அவள் விரல்களில் ஏறிவர, கிழவர் அவற்றைத் தம் தோள்துண்டின்மேல் பொருத்திப் பார்த்தார். ஒரு கண் மட்டும் கரைந்துபோயிருந்தது.

"சிரிக்கிறான் பாருங்க" என்றார்.

அவர் சென்றபின், பழைய தவிப்பு அவளுள் மீண்டும் புகுந்துகொண்டது. இனி எங்கே போய் அமர்வது என்று அறியாமல் முற்றத்தில் நடந்து நடந்து அழுதாள். அன்பரே, நம் நெஞ்சு இளைப்பாறும் இடத்தின் அடியில் வேறொருவரின் முகம் கவிழ்ந்து கிடக்கக் கூடும். அதனை நிமிர்த்திக் கொடுத்தபின் நமக்கு எஞ்சுவது தவிப்பே ஆயினும், கொடுத்தே ஆகவேண்டும்.