ரெட்டப்பனையில் எறக்கம்

பிரவீனாவின் ஊர் அன்னூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. ரோட்டோரம் இரண்டு பனைமரங்கள், பக்கத்தில் ரோஸ் கலர் அடித்த ஒரு மோட்டார் ரூம். அதுதான் ரெட்டப்பனை ஸ்டாப். கோயமுத்தூரிலிருந்து வரும் டவுன் பஸ் அங்கே தானாக நிற்காது. இறங்குகிறவர்கள் "எறக்கம் இருக்குங்க!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு குரல்தான் பிரவீனாவுக்கு வராது.

ஏன் வராது என்று கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டு அடம்பிடிக்கிறவர்கள் வேறு கதைக்குப் போகலாம். அவளை யாரும் அடித்ததில்லை, கேலி செய்ததும் இல்லை. பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வீட்டுக்குள் வாய் ஓயாது. ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில் கத்த வேண்டும் என்றதும் தொண்டைக்கு யாரோ பூட்டுப் போட்டுவிடுவார்கள். நாற்பது தலை திரும்புமே, எண்பது கண் பார்க்குமே என்று மனசு நடுங்கும். அதற்குள் பனைமரங்கள் பின்னால் போய்விடும்.

அப்புறம் என்ன, அன்னூர் போய் எல்லோரோடும் சேர்ந்து இறங்கி, வந்த வழியே நடப்பாள். கண்டக்டர் தனபால் அவளுக்கு அன்னூர்தான் ஊர் என்று முடிவே கட்டிவிட்டார். வீட்டில் அம்மா தெய்வாத்தாள், "ஏங்கண்ணு இத்தன நேரம்?" என்று கேட்டால், "ஸ்பெசல் கிளாஸும்மா" என்பாள். அந்த காலேஜைப் போல ஸ்பெசல் கிளாஸ் எடுத்த காலேஜ் உலகத்திலேயே இருக்காது.

அந்த இரண்டு கிலோமீட்டர்தான் அவளுக்கு ஒரு உலகத்தைக் கொடுத்தது. சாயங்கால வெயிலில் சோளக்காட்டுக்குள் மயில்கள் இறங்கும். தூறல் விழுந்தால் ரோடு வானத்தைக் காட்டும். மேகத்தின் மேலே நடக்கிறோமா, தாருக்கு மேலே நடக்கிறோமா என்று அவளுக்கே குழம்பும். நடந்துகொண்டே மனசுக்குள் படம் போடுவாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதை விரலால் போனில் வரைந்துவிடுவாள்.

அப்படிப் பிறந்ததுதான் 'அடுத்த ஸ்டாப்' என்ற படக்கதை. அதில் மின்னி என்று ஒரு பெண் தன் ஸ்டாப்பைத் தவறவிட்டுவிடுகிறாள். பஸ் நிற்காமல் போகிறது. குளத்துக்கடியில் போகிறது, அங்கே மீன்கள் ஜன்னலில் மூக்கை ஒட்டி வேடிக்கை பார்க்கின்றன. வாழைத்தோப்புக்கு மேலே பறக்கிறது. கண்டக்டர் ஒரு மயில். டிக்கெட்டுக்குப் பதிலாக இறகு கொடுக்கும். எல்லோரும் பேசுகிறார்கள். மின்னியின் வாய்க்குப் பக்கத்திலும் பேச்சு பலூன் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு எழுத்துகூட இருக்காது.

'வாயில்லாப்பூச்சி' என்ற பெயரில் அவள் இணையத்தில் போட்ட அந்தக் கதையைப் பதினாலாயிரம் பேர் தொடர்ந்து படித்தார்கள். பலூன் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்காத வாசகரே இல்லை.

கேட்காதவள் ஒருத்திதான். அவள் இஸ்மத். உக்கடத்துப் பெண். அவளுடைய அத்தா அப்துல் வஹீது தையல் சாமான் கடை வைத்திருந்தார். நூல்கண்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு நிறம் அத்துப்படி. பிரவீனா கறுப்புக் கோட்டில் வரைந்து அனுப்பினால், இஸ்மத் கலர் அடித்துத் திருப்பி அனுப்புவாள். 'மேகத்துக்கு வெங்காயத்தோல், மயிலுக்கு மயில்கழுத்தே வேண்டாம், எலுமிச்சை மஞ்சள்!!!' என்று எழுதுவாள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று ஆச்சரியக்குறி. காலி பலூனுக்கும் பால்வெள்ளையில் அவ்வளவு அக்கறையாகக் கலர் அடிப்பாள். ஒன்றரை வருடமாக எழுத்திலேயே பழக்கம். ஒருத்தி குரலை ஒருத்தி கேட்டதில்லை. எவ்வளவு தைரியசாலி என்று பிரவீனா அவளை நினைத்து ஏங்குவாள். அந்த ஆச்சரியக்குறிகள் அப்படி.

இரண்டு முறை சந்திப்பதாகச் சொல்லிவிட்டு, இரண்டு முறையும் பிரவீனா காய்ச்சல் என்று பொய் சொன்னாள். மூன்றாவது முறை இஸ்மத்தின் செய்தியில் ஆச்சரியக்குறியே இல்லை. 'சனிக்கிழமை நானே உன் ஸ்டாப்புக்கு வருகிறேன். ஒரு மணி பஸ். வெங்காயத்தோல் கலர் துப்பட்டா. நீ அங்கே இல்லையென்றால் இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். கதையையும் நீயே பார்த்துக்கொள். கோபம் இல்லை, வருத்தம்தான்.'

பிரவீனா அன்று அழுதாள். இருந்த ஒரே சிநேகிதியை இழக்கப்போகிறோம் என்று நன்றாகவே தெரிந்தது. ஸ்டாப் எப்படி இருக்கும் என்று இரண்டு பனையும் மோட்டார் ரூமும் வரைந்து அனுப்பினாள். 'வருகிறேன்' என்று மட்டும் எழுதவில்லை.

சனிக்கிழமை அரைநாள் காலேஜ். முன்னால் போன பஸ்ஸில் ஏறியிருந்தால் இஸ்மத்துக்கு முன்பே போய்க் காத்திருக்கலாம். காந்திபுரத்தில் அந்த பஸ்ஸை வேடிக்கை பார்த்தபடி விட்டுவிட்டு, அடுத்து வந்த ஒரு மணி பஸ்ஸிலேயே ஏறிக் கடைசி சீட்டில் ஒடுங்கினாள். கணேசபுரம் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் விலகியபோதுதான் அது கண்ணில் பட்டது. நாலு சீட் முன்னால், ஜன்னலோரம், வெங்காயத்தோல் கலர் துப்பட்டா.

எழுந்து போய்த் தோளைத் தொட்டால் போதும். தொடவில்லை. எப்போதும் போல அன்னூர் போய்விடலாம், சாயங்காலம் மறுபடி ஒரு காய்ச்சல் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

வெளியே தூறல். ஜன்னலில் ஓடிய காடுகளெல்லாம் நனைந்து, கலர் அடிக்கக் காத்திருக்கும் படம் போல வெளிறிக் கிடந்தன. இஸ்மத் போனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்திருந்தாள். பிரவீனா வரைந்த படம். வருகிற மரத்தையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் இரண்டு பனைகள் தெரிந்ததும் எழுந்து கம்பியைப் பிடித்தாள்.

இப்போது கத்துவாள் என்று பிரவீனா காத்திருந்தாள்.

இஸ்மத் வாயைத் திறந்தாள். மூடினாள். கையைப் பாதி தூக்கி, தலைமுடியைச் சரிசெய்வது போலக் கீழே இறக்கினாள். எச்சில் விழுங்கினாள். பக்கவாட்டில் தெரிந்த அந்தத் தொண்டையைப் பிரவீனாவுக்குத் தெரியும். அது அவளுடைய சொந்தத் தொண்டைதான். தனபால் முன்னால் டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரோஸ் கலர் மோட்டார் ரூம் ஓடி வந்தது. இஸ்மத்தின் கண் நிறைந்துவிட்டது.

பலூன் ஏன் காலி என்று இவள் ஏன் கேட்கவே இல்லை என்பது பிரவீனாவுக்கு அப்போது புரிந்தது.

"ஏனுங்க! எறக்கம் இருக்குங்க!"

யார் கத்தியது என்று பிரவீனாவே ஒரு கணம் தேடினாள். நாற்பது தலை திரும்பியது. எண்பது கண்ணும் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லமாட்டேன். காது சுட்டது.

"ஏனம்மணி, அன்னூருக்கு இன்னும் தூரமிருக்குதுங்களே?" என்றார் தனபால்.

"எனக்கு இதுதானுங்க ஊரு."

அவர் வாய் பிளந்தார். அப்புறம் விசிலை எடுத்தார். "சரி, எத்தன பேரு எறங்கறீங்க?"

பிரவீனா வெங்காயத்தோல் துப்பட்டாவைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருங்க," என்றாள்.

கம்பியைப் பிடித்தபடி இஸ்மத் மெல்லத் திரும்பினாள்.

பஸ் பனைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது. இறங்கியவர்களை விட்டுவிட்டுத் தூறலுக்குள் கரைந்து போனது. இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள். திங்கட்கிழமை பிரவீனா மறுபடி கத்துவாளா என்று எனக்குத் தெரியாது. அன்று சோளக்காட்டுக்குள் ஒரு மயில் அகவியது. இஸ்மத் தலை குனிந்து போனில் ஏதோ தட்டினாள். ஒரு முழத் தூரத்திலிருந்து கிளம்பிய செய்தி, பிரவீனாவின் கையில் வந்து அதிர்ந்தது.

'பலூனில் எழுத்து வந்துவிட்டது!!!'

பிரவீனா பதில் தட்டவில்லை. போனைப் பைக்குள் போட்டாள்.

"வா, ஊட்டுக்குப் போலாம்," என்றாள்.