முன்னால் போகும் வண்டியை மட்டும்

"அத்தை, நான் சொன்னதும் காலை எடுத்துடணும்."

"எடுக்கறேன். எடுத்த காலை எங்க வைக்கிறது?"

"கீழயே வச்சுக்குங்க. பிரேக் மேல மட்டும் வேண்டாம். ஸ்டியரிங்கை நீங்க பிடிச்சுக்கிட்டா போதும், வேகத்தை வண்டியே பார்த்துக்கும்."

"எத்தனை வருஷமா ஓட்டறேன், என் காலுக்கு லீவு விட்டது நீ ஒருத்திதான்."

பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பாப்பா சிரிக்க முயன்றாள். நாற்பதை நெருங்கிவிட்டவளை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். சாலையில் வண்டிகள் எப்படி நெருக்கியடித்துக்கொள்கின்றன, எப்படிப் பிரிகின்றன என்பதைக் கணக்காக எழுதுவது அவள் வேலை. போக்குவரத்து ஆய்வு நிலையத்தில் வருஷக்கணக்காக அவள் எழுதிய அந்தக் கணக்கு, இன்று அத்தையின் காருக்குள் ஒரு சின்னப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது.

சோதனைக்கு வரவேண்டிய வாடகைக் கார்காரர்கள் முந்தின நாள் சாயங்காலம் கையை விரித்துவிட்டார்கள். பாப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். சித்தப்பா டயர் கடை வைத்திருப்பவர். வீடு மாற்றுவதோ ஆஸ்பத்திரியோ, குடும்பத்தில் எதற்கென்றாலும் ஆள் சேர்ப்பவர் அவர்தான். காலையில் கண்காட்சித் திடலின் வாசலில் பதினாலு கார்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் சொந்தக்காரர்கள்.

"உன் ஆராய்ச்சிக்கு இவ்வளவு போதுமா, இன்னும் சம்பந்தி வீட்டையும் கூப்பிடட்டா?" என்றார் சித்தப்பா.

"போதும் சித்தப்பா. எல்லாரும் கேளுங்க. தரையில சுண்ணாம்புல ஒரு வட்டம் போட்டிருக்கு. அது மேலயே சுத்தி வரணும். முந்தக் கூடாது. எல்லாரும் ஒரே வேகம். முன்னால போற வண்டியை மட்டும் பாருங்க, வழக்கமா ரோட்டுல எப்படி ஓட்டுவீங்களோ அப்படி ஓட்டுங்க."

"வழக்கமா திட்டிக்கிட்டே ஓட்டுவேன்" என்றாள் அத்தை.

"திட்டலாம், தப்பில்லை."

ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அவளைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப்போனார். நல்ல மனிதர்தான், ஆனால் இரண்டு நாளாகச் சவரம் செய்திருக்கவில்லை.

"போக்குவரத்துத் துறை அதிகாரி அம்மா வந்துட்டாங்க. இன்னிக்கு ஒழுங்கா நடந்தா ஊர் பஸ் எல்லாத்துலயும் இதை வச்சுப் பார்க்கலாம்னு எழுதிக் கொடுப்பாங்க. இல்லன்னா திட்டத்தை மூடிடுவாங்க. உங்க இடமும் அதோட போயிடும். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"தெரியும் சார்."

முதல் பாதி ஆரம்பித்தது. விசில் ஊதியதும் பதினாலு கார்களும் வட்டத்தில் நகர்ந்தன. வழியில் சிக்னல் இல்லை, குழி இல்லை, குறுக்கே ஓடும் நாய்கூட இல்லை. கொஞ்ச நேரம் அழகாகத்தான் சுற்றின. பிறகு யாரோ ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்டார். பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அழுத்தினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது ஆள் முழுசாக நின்றே போனார். அந்த நிற்றல் ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு என்று பின்பக்கமாகவே நகர்ந்து வட்டத்தைச் சுற்றத் தொடங்கியது.

"யாருப்பா அது நிறுத்தறது?" என்று ஒரு ஜன்னலிலிருந்து குரல்.

"எனக்கு முன்னாடி நிறுத்தினாங்க, நான் நிறுத்தினேன். உன் மாமனை இடிக்கச் சொல்றியா?"

"காலியா கிடக்கற திடல்லகூட நம்ம குடும்பத்துக்கு நெரிசல் வேணும்."

அதிகாரி அம்மா நிழற்பந்தலின் கீழிருந்து ஆச்சரியமாகப் பார்த்தார். "காரணமே இல்லாம வருதே" என்றார். இயக்குநர் உற்சாகமாக விளக்கினார். இப்படி நெரிசல் அலையாக வந்ததும், அத்தையின் கார் மட்டும் நின்று பாயாமல் ஒரு சீரான வேகத்தில் போய் அதைக் கரைத்துவிட வேண்டும். அதுதான் இரண்டாம் பாதி.

இடைவேளையில் எல்லாருக்கும் டீ வந்தது. சித்தப்பா தன் டம்ளரோடு பாப்பாவிடம் வந்தார்.

"நெரிசல்தான் நல்லா வந்துதே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"வந்தது பெருசில்ல சித்தப்பா. இனிமே அது போகணும். போகலன்னா எல்லாம் போச்சு."

"எல்லாம்னா?"

"என் வேலை."

"அவ்வளவுதானே. கடையில வந்து உட்காரு, டயருக்குக் காத்தடி."

இந்தக் கேலிக்குச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அங்கேதான் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னிக்கு என்னைக் கைவிட்டுடாதீங்க சித்தப்பா" என்றாள்.

சித்தப்பா டம்ளரை எடுத்துக்கொண்டு, பின்பக்கக் கொட்டகையில் நின்ற சொந்தக்காரர்களிடம் போனார். அவள் மடிக்கணினியைத் திறந்துகொண்டாள்.

இரண்டாம் பாதி. முறைப்படி முதலில் நெரிசல் வரவேண்டும். வந்த பிறகுதான் அவள் சுவிட்சைப் போடவேண்டும். கார்கள் சுற்றின. அவள் திரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். காருக்கு ஒன்றாக வேகத்தைக் காட்டிய பதினாலு கோடுகளும் வாரி விட்ட தலைமுடி மாதிரி படிந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு கோடும் தடுக்கவில்லை.

"காலை எடுக்கட்டா?" என்றாள் அத்தை.

"இருங்க அத்தை. இன்னும் வரல."

"என்ன வரல? நல்லாத்தானே போகுது."

பந்தலின் கீழ் அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் இவள் பக்கம் திரும்பி, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். திரையின் ஓரத்தில் ஒரு கோடு இம்மியளவு இறங்கி ஏறியது. அது நெரிசல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாராவது அதை நெரிசல் என்று சொல்லியிருந்தால் அவளே திருத்தியிருப்பாள்.

"எடுங்க" என்றாள். சுவிட்சைப் போட்டாள்.

கார்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. எதுவும் நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்தது எதுவும் இல்லாததால் கிளம்பவும் எதுவும் இல்லை. விசில் ஊதியபோது பந்தலில் கைதட்டினார்கள். அதிகாரி அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க" என்றார். பாப்பா நன்றி சொன்னாள். குரல் தெளிவாகத்தான் வந்தது. அது பிறகு அவளை நிறைய நேரம் உறுத்தியது.

அதிகாரி அம்மா பந்தலுக்குத் திரும்பியதும் அத்தை அவள் தோளில் தட்டினாள்.

"பார்த்தியா? உங்க சித்தப்பன் ஒண்ணு சொன்னா சொன்னதுதான்."

"என்ன சொன்னார்?"

"டீ குடிக்கும்போது எல்லாரையும் நிக்க வச்சு சொன்னார்ல. எவனும் பிரேக்கைத் தொடக் கூடாது, முன்னாடி கொஞ்சம் இடம் விட்டுக்கிட்டு ஸ்பீடு முள்ளை ஒரே இடத்துல நிறுத்துங்க, பாப்பா மானம் நம்ம கையில இருக்குன்னார். உன் தம்பிக்கு மட்டும் தனியா ஒரு திட்டு, அவன்தானே எப்பவும் பாய்வான். எனக்கு என்ன ஒரு கஷ்டம்னா, சிரிப்பை அடக்க முடியல."

பாப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி வேர்க்குது உனக்கு?"

அவள் சித்தப்பாவைத் தேடிப் போனாள். அவர் பானெட்டில் சாய்ந்து, சுற்றி நின்றவர்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

"வாம்மா விஞ்ஞானி."

"சித்தப்பா, முன்னால போற வண்டியை மட்டும் பாருங்கன்னு சொன்னேனே."

"பார்த்தோமே."

"வழக்கம்போல ஓட்டச் சொன்னேன்."

"வழக்கம்போல ஓட்டி உன் வேலையைக் காலி பண்ணவா? நீதானே கைவிட்டுடாதீங்கன்னே."

"நான் சொன்னது..."

அவள் சொன்னது அதுதான். அவர் ஒரு எழுத்துகூட மாற்றிப் புரிந்துகொள்ளவில்லை. சுற்றி நின்றவர்கள் பெருமையான முகங்களோடு அவளையே பார்த்தார்கள்.

இயக்குநர் பந்தலில் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் போனை அணைத்தார்.

"இதை யார் சொன்னாங்க?"

"அத்தை."

"அத்தை சொல்றதையெல்லாம் ஆதாரமா எடுக்க முடியுமா?"

"திரையில இருக்கு சார். நான் சுவிட்ச் போடும்போது நெரிசலே இல்ல."

"சின்னதா ஒண்ணு வந்த மாதிரி இருந்துதே."

"அப்படி நினைச்சுக்கத்தான் நானும் பார்த்தேன்."

இயக்குநர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "அவங்க கிளம்பறாங்க. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்தா கார் வாசலைத் தாண்டிடும். அப்புறம் நாமளே நிதானமா ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துக்கலாம்."

"அதுக்குள்ள பஸ்ஸுல ஏத்திடுவாங்க சார். அதுல ஜனங்க இருப்பாங்க. இது நெரிசல்ல என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது."

அவர் அவளைத் தடுக்கவில்லை.

அதிகாரி அம்மாவின் கார் திரும்புவதற்குள் அவள் ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினாள். சொந்தக்காரர்கள், ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி அம்மா இறங்கிக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ உங்க பெட்டி வேலை செய்யுதா, செய்யலையா?"

"தெரியாதுங்க மேடம்."

"நெரிசல் வரலன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் சுவிட்சைப் போட்டீங்க."

"போட்டேன்."

"நான் கை கொடுத்தப்போ?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் அத்தையின் செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"சரி, வண்டியெல்லாம் இங்கதானே நிக்குது" என்றார் அதிகாரி அம்மா. "இவங்களையே இன்னொரு தடவை ஒழுங்கா ஓட்டச் சொல்லுங்க. பார்த்துட்டே போறேன்."

"இவங்களை வச்சு முடியாது மேடம்."

"ஏன்?"

வேறு வார்த்தை தேடினாள். இவர்களுக்கு என்மேல் பிரியம் அதிகம் என்று சொல்லியிருக்கலாம். வெளியே வந்தது வேறு.

"இவங்களை நம்ப முடியாது."

பின்னால் யாரும் பேசவில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் குடும்பம் அது.

"அடுத்த வாரம் எங்க துறை டிரைவர்களை அனுப்பறேன்" என்றார் அதிகாரி அம்மா. "ஒரே ஒரு தடவை. அதுலயும் நெரிசல் கரையலன்னா எனக்குப் போன் பண்ண வேண்டாம்." அவர் கார் வாசலைத் தாண்டிப் போனது.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் கோபமாகக் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அத்தை காரிலிருந்து பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதுல ஏதும் உடையலையே?"

"இல்ல அத்தை. அத்தை, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"உண்மையைத்தானே சொன்னே. வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் அத்தை. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கடைசியாகச் சித்தப்பா. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க சித்தப்பா."

"முதல் பாதியில யாரும் யாருக்கும் எதுவும் சொல்லல. அவனவன் இஷ்டத்துக்கு ஓட்டினான். அது கணக்குல சேருமா?"

"சேரும். அது ரொம்பச் சரியா இருந்தது."

"அந்தம்மாகிட்ட அதையும் சொல்லியிருக்கலாம்" என்றார் சித்தப்பா. "எல்லாரும் நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்."

அவர் காரில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இண்டிகேட்டர் விளக்குப் போட்டு, மெதுவாகத் திரும்பிப் போனார். பாப்பா பெட்டியை அணைத்துக்கொண்டு, சுண்ணாம்பு வட்டத்தின் மேலேயே நின்றிருந்தாள்.